ஹுவே நகரில் சைக்கிளோடு ஒரு வெசாக் வாரம்

முதல் நாள்: ஆற்றங்கரை

வியட்நாமின் டா நாங்கிலிருந்து ஹுவேக்குப் பஸ்ஸில் கிளம்பினால் மலையைக் குடைந்த சுரங்கப்பாதை வழியே சீக்கிரமாக வந்துவிடலாம். நாங்கள் ரயிலில் வந்தோம். நூறு கிலோமீட்டர் சொச்சத்துக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. ஆனாலும் ஹாய் வான் மலையின் கடலோரச் சரிவை ஒட்டி ரயில் ஊர்ந்து வரும் அந்தப் பகுதிக்காகவே இந்தப் பயணம் வேண்டும். வடக்கு நோக்கி வருகிறவர்கள் வலப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் காடு, கீழே பாறை, அதற்கும் கீழே நீலக்கடல்.

ஹுவே ரயில் நிலையம் 1908-ல் பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் வந்தது. வெளியே வந்ததும் லே லோய் சாலை, அதை ஒட்டி ஆறு. வாசனை ஆறு என்று பெயர் பெற்ற ஹுவோங் ஆறு. தென்கரையில் தங்கும் விடுதிகள், கடைகள், பள்ளிகள். வடகரையில் நுயென் வம்சத்து அரசர்களின் கோட்டை. 1802 முதல் 1945 வரை 13 அரசர்கள் இங்கிருந்துதான் வியட்நாமை ஆண்டார்கள்.

விடுதிக்குப் பக்கத்திலேயே சைக்கிள் வாடகைக்குக் கிடைத்தது. ஒரு நாளுக்கு 50,000 டாங், நம் கணக்கில் 170 ரூபாய் அளவுக்கு வரும். கியர் கிடையாது, முன்னால் கூடை, பின்னால் கேரியர். தம்பி நாலைந்து வண்டிகளை ஓட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல பிரேக் ரெண்டும் நல்லாப் பிடிக்குது. சீட்டை மட்டும் ஏத்திக்க" என்று ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

இங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நேராகப் போவதிலும் வலப்பக்கம் திரும்புவதிலும் சிரமமே இல்லை. இடப்பக்கம் திரும்பும்போதுதான் எதிரே வரும் ஸ்கூட்டர் வெள்ளத்தைக் குறுக்கே வெட்ட வேண்டியிருக்கிறது. இங்குள்ளவர்கள் அதை எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு முனையில் நின்று வெகுநேரம் கவனித்தோம். யாரும் திடீரென்று நிற்பதில்லை, யாரும் வேகம் கூட்டுவதுமில்லை. ஒரே சீரான வேகத்தில் போகிறவரைச் சுற்றி மற்றவர்கள் விலகிப் போகிறார்கள். தயங்கி நின்றால்தான் குழப்பம். அதைப் பிடித்துக்கொண்ட பிறகு இருவருக்கும் பயம் போய்விட்டது.

இது மே மாதம், புத்தர் பிறந்தநாளைக் கொண்டாடும் வெசாக் வாரம். வீட்டு வாசல்களிலும் கடைகளிலும் ஐந்து நிற பௌத்தக் கொடி. 1885-ல் கொழும்பில் உருவான அதே கொடி, இலங்கைக்குப் போனவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும். ஆற்றின் நடுவே ஏழு பெரிய இளஞ்சிவப்புத் தாமரைகளை மிதக்கவிட்டிருக்கிறார்கள். பிறந்ததும் புத்தர் வைத்த ஏழு அடிகளை அவை குறிக்கின்றன. இருட்டியதும் உள்ளே விளக்கு எரிய ஆரம்பித்தது. 1899-ல் திறந்த ட்ருவாங் தியென் பாலத்தில் சைக்கிளை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டுப் பார்த்தோம். இந்தப் பாலத்தை 1904-ல் புயல் பெயர்த்தது, 1946-லும் 1968-லும் போர் தகர்த்தது. ஒவ்வொரு முறையும் திரும்ப எழுப்பியிருக்கிறார்கள்.

இரண்டாம் நாள்: மதிலுக்குள்ளே

மே மாத வெயில் இங்கே சாதாரணமில்லை. ஒன்பது மணிக்கே தார் கொதிக்கிறது. அதனால் ஐந்து மணிக்குக் கிளம்பினோம். ஊர் ஏற்கெனவே விழித்திருந்தது. ஆற்றங்கரையில் முதியவர்கள் உடற்பயிற்சி செய்கிறார்கள், பெண்கள் கூட்டமாகப் பாட்டுக்கு ஆடுகிறார்கள்.

ஹுவே கோட்டை என்றால் பலர் நினைப்பது டிக்கெட் வாங்கிக்கொண்டு போகும் அரண்மனைப் பகுதியை. அது உள்கோட்டை. அதைச் சுற்றி, பக்கத்துக்கு இரண்டரை கிலோமீட்டர் வரும் பெரிய சதுரமாக வெளிமதில் நிற்கிறது. 1805-ல் ஜியா லாங் அரசர் கட்டத் தொடங்கியது, அவர் மகன் மின் மாங் காலத்தில் 1832-ல்தான் முடிந்தது. பிரெஞ்சுக் கோட்டைகளின் பாணியில் நட்சத்திர முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும் செங்கல் மதில், சுற்றிலும் அகழி. இந்த மதிலுக்கும் உள்கோட்டைக்கும் நடுவே ஒரு முழு ஊர் வாழ்கிறது. பள்ளிக்கூடம், சந்தை, சலூன், கீரைப் பாத்தி எல்லாம் உண்டு. சைக்கிள் எடுத்ததன் முழுப் பலன் இந்த இடத்தில்தான் கிடைத்தது. நடந்தால் கால் கடுத்துப்போகும், காரில் வந்தால் ஒன்றும் தெரியாது.

மதில் வாசல்கள் குகை மாதிரி குறுகலானவை. இந்தப் பக்கத்து ஸ்கூட்டர்களும் அந்தப் பக்கத்து ஸ்கூட்டர்களும் மாறி மாறி வழிவிட்டுப் போகின்றன. காய்கறி மூட்டையோடு போன ஓர் அம்மாவின் பின்னால் நாங்களும் நுழைந்தோம். வாசலைத் தாண்டியதும் சத்தம் பாதியாகக் குறைந்தது. சந்துகளின் இரு பக்கமும் கத்தரித்து விட்ட பசுமையான வேலி, உள்ளே தோட்ட வீடுகள். பழைய வீடுகளில் வாசலுக்கும் வீட்டுக்கும் நடுவே இடுப்பளவில் ஒரு மறைப்புச் சுவர் நிற்கிறது. கெட்டது நேராக வீட்டுக்குள் வராமல் அது தடுக்கும் என்பது நம்பிக்கை.

இந்தச் சுவரைப் பார்த்த பிறகுதான் நகரத்தின் அமைப்பே எனக்குப் பிடிபட்டது. கோட்டைக்குத் தெற்கே, ஆற்றைத் தாண்டி, ஙு பின் என்ற குன்று இருக்கிறது. 100 மீட்டர் சொச்சம் உயரம், மேலே தட்டையாக வெட்டியது போல இருக்கும். கோட்டை முழுவதுக்கும் அதுதான் மறைப்புச் சுவர். ஆற்றில் கிழக்கே இருக்கும் ஹென் தீவு பச்சை நாகம், மேற்கே இருக்கும் ஸா வியென் தீவு வெள்ளைப் புலி. இரண்டும் இரு பக்கக் காவல். ஒரு சாதாரண வீட்டுக்கு என்ன லட்சணம் சொன்னார்களோ, அதையே குன்றையும் ஆற்றையும் தீவையும் வைத்து தலைநகரத்துக்கும் செய்திருக்கிறார்கள். வரைபடத்தில் படித்தபோது இது வெறும் தகவலாக இருந்தது. மதிலைச் சுற்றி மிதித்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் அந்தக் குன்று எதிரே நிற்பதைப் பார்த்ததும் சிலிர்த்துவிட்டது.

வடக்கு மதில் பக்கம் போனபோது பல இடங்களில் மதிலின் மேல் வெறும் புல்லும் இடிந்த தரைகளும் தெரிந்தன. போர்க் காலத்திலும் அதற்குப் பிறகும் போக்கிடம் இல்லாத குடும்பங்கள் மதிலின் மேலேயே குடிசை போட்டுத் தலைமுறைகளாக இருந்திருக்கிறார்கள். 2019 முதல் ஆயிரக்கணக்கான குடும்பங்களை நகரத்துக்கு வடக்கே புதிய குடியிருப்புக்கு மாற்றி வருகிறார்கள். மழைக்கு ஒழுகும் தகரக் கூரையிலிருந்து நல்ல வீட்டுக்குப் போனது நல்லதுதான். இருந்தாலும் அந்தப் புல்வெளியில் ஒரு சமையல்மேடையின் சிமெண்டும் ஒரு கொய்யா மரமும் மட்டும் மிச்சமிருப்பதைப் பார்க்க மனசு கனத்தது. அரசர்களின் மதிலை மீட்பவர்கள், அதன்மேல் வாழ்ந்தவர்களின் கதையையும் ஒரு பலகையிலாவது எழுதி வைக்க வேண்டும்.

உள்கோட்டைக்குள் சைக்கிள் கூடாது. வெளியே நிறுத்திவிட்டு, ஆளுக்கு 2 லட்சம் டாங் கொடுத்து ஙோ மோன் வாசல் வழியே போனோம். 1945 ஆகஸ்ட் 30 அன்று கடைசி அரசர் பாவ் தாய் முடி துறந்தது இந்த வாசல் மாடத்தில்தான். உள்ளே நிறைய வெற்றிடம். 1947-ல் எரிந்தது பாதி, 1968-ல் டெட் என்ற வியட்நாமியப் புத்தாண்டு சமயத்தில் மூண்ட போரில் அழிந்தது மீதி. அந்தப் போர் ஜனவரி 31-ல் தொடங்கி கிட்டத்தட்ட ஒரு மாதம் இந்த மதிலுக்குள்ளேயே வீடு வீடாக நடந்தது. தாய் ஹோவா அரியணை மண்டபத்தைப் பிரித்துப் பழுது பார்த்து 2024-ல் மறுபடி திறந்திருக்கிறார்கள். செந்நிற அரக்குத் தூண்களில் தங்க நாகங்கள் மின்னுகின்றன.

எனக்கு அதைவிடப் பிடித்தவை ஒன்பது வெண்கலக் கொப்பரைகள். மின் மாங் காலத்தில் 1835 முதல் 1837 வரை வார்த்தவை. ஒவ்வொன்றும் ஓர் அரசருக்கு. நடுவில் சற்று முன்னால் நிற்பது ஜியா லாங்குக்கு உரியது. அவற்றின் வயிற்றைச் சுற்றி நாட்டின் மலை, ஆறு, கடல், மீன், பறவை, மரம், படகு, பீரங்கி எல்லாம் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறது. தம்பி சுற்றிச் சுற்றி வந்து, "அக்கா, இங்க வா, பலாமரம் இருக்கு பாரு!" என்று கத்தினான். பலாவேதான். தன் நாட்டில் என்னென்ன இருக்கிறது என்று ஓர் அரசர் வெண்கலத்தில் எழுதி வைத்த பட்டியல் அது. அந்த முற்றத்தில் ஒரு மணி நேரம் இருந்தோம்.

மூன்றாம் நாள்: தெற்கு மேடு

வடகரை முழுவதும் சமதளம். தெற்கே ரயில் பாதையைத் தாண்டியதும் தொடை சொல்லிவிடும், மேடு ஆரம்பித்துவிட்டதென்று. அரசர்கள் வாழ்வதற்குச் சமவெளியையும் அடக்கத்துக்கு மேட்டையும் எடுத்துக்கொண்டார்கள். ஒரே கியரில் நாம் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவது அவர்களின் சமாதிகளை நோக்கித்தான்.

முதலில் ஆற்றின் தென்கரை ஓரமாகவே மேற்கே போனோம். துய் பியு பகுதியில் பம்ளிமாஸ் தோட்டங்களின் நடுவே ஒரு வட்டமான செங்கல் அரங்கம் நிற்கிறது. 1830-ல் மின் மாங் கட்டியது. யானைக்கும் புலிக்கும் சண்டை விட்ட இடம். யானை அரச குலத்தின் சின்னம், அது தோற்கக் கூடாது. அதற்காகப் புலியின் நகத்தையும் பல்லையும் மழுக்கிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். கடைசிச் சண்டை 1904-ல் நடந்தது. புலிக் கூண்டுகளின் வாசல்கள் அப்படியே இருக்கின்றன. எனக்கு அங்கே ரொம்ப நேரம் நிற்க முடியவில்லை. கூப்பிடு தூரத்திலேயே போரில் இறந்த யானைகளுக்கு ஒரு சிறிய கோயில் இருக்கிறது. பாகனை இழந்த யானை ஒன்று போர்க்களத்திலிருந்து ஓடி வந்து இந்த மேட்டில் பிளிறிவிட்டு உயிர் விட்டதாம். வாசலில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

அங்கிருந்து துய் சுவான். ஊதுபத்தி உருட்டும் ஊர். சாலையோரம் சிவப்பு, மஞ்சள், ஊதா நிறக் குச்சிகளைப் பூப்போல விரித்து வைத்திருப்பது படம் எடுக்க வருகிறவர்களுக்காக. உண்மையான வேலை பின்பக்கத் தாழ்வாரத்தில் நடக்கிறது. பட்டையும் அகிலும் கலந்த பொடியைப் பிசைந்து, மூங்கில் குச்சியில் வைத்து, கையளவு மரத்தட்டால் ஒரே இழுப்பில் உருட்டுகிறார்கள். வெசாக் வாரமாதலால் அவர்களுக்கு நிமிர நேரமில்லை.

து துக் அரசரின் சமாதி பக்கத்திலேயே. 1847 முதல் 1883 வரை ஆண்டவர். 1864-ல் வேலையைத் தொடங்கி, ஏரி, பைன் மரம், மண்டபம் என்று ஒரு தோட்டத்தையே உருவாக்கி, உயிரோடு இருக்கும்போதே அங்கே வந்து தங்கிக் கவிதை எழுதியவர். அந்தத் தோட்டத்துக்காக வதைபட்ட கூலியாட்கள் 1866-ல் சுண்ணாம்பு இடிக்கும் உலக்கைகளையே ஆயுதமாக எடுத்துக்கொண்டு கலகம் செய்தார்கள். கலகம் அடக்கப்பட்டது. அவருக்குப் பிள்ளை இல்லை. மகன் எழுத வேண்டிய கல்வெட்டைத் தானே எழுதினார். தன் ஆட்சியில் நாட்டின் தெற்குப் பகுதி பிரெஞ்சுக்காரர்களிடம் போனதற்கான வருத்தத்தையும் அதில் எழுதியிருக்கிறார். அந்தப் பெரிய கல் முன்னால் நிற்கையில் இரண்டு பக்கமும் தோன்றியது. ஏரிக்கரை மண்டபம் அவ்வளவு அழகு. அதற்கு மண் சுமந்தவர்களின் பெயர் எங்கேயும் இல்லை.

காய் தின் அரசரின் சமாதிக்கு இன்னும் சில கிலோமீட்டர் ஏற்ற இறக்கம். 1920-ல் தொடங்கி 1931-ல் முடிந்தது. வெளியே கறுத்துப்போன கான்கிரீட், ஏற 127 படிகள். உள்ளே போனால் சுவர் முழுக்கப் பீங்கானும் கண்ணாடியும் உடைத்துப் பதித்த பூக்கள், மரங்கள், பறவைகள். வேலைப்பாடு அபாரம்தான், ஆனால் என் மனம் அதில் ஒட்டவில்லை. ஒரு நாளில் மூன்று, நான்கு சமாதிகளைப் பார்த்துவிட்டு ஓடும் பஸ் சுற்றுலா வேண்டவே வேண்டாம். து துக்கில் அரை நாள் உட்காருங்கள், போதும்.

திரும்பி வரும்போது முழுக்க இறக்கம். மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை.

நான்காம் நாள்: கிழக்கே வயல்

இன்று டிக்கெட் இல்லாத நாள். நகரத்துக்குக் கிழக்கே எட்டு கிலோமீட்டர் அளவில் தான் துவான் என்ற கிராமம். கடைசி வீடு முடிந்ததும் வயல். அறுவடை நடந்துகொண்டிருந்தது. சாலையின் பாதி அகலத்துக்கு நெல் காய்கிறது, கூம்புத் தொப்பி போட்ட பெண்கள் பலகையால் தள்ளிக் கிளறுகிறார்கள். வண்டிகள் மீதிப் பாதியில் பொறுமையாகப் போகின்றன. தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்த எங்கள் இருவருக்கும் அந்தப் புது நெல்லின் வாசனையும் கழுத்தில் ஒட்டும் சுணையும் ஊர்க் களத்துமேட்டில் நிற்பதைப் போலவே இருந்தன.

கிராமத்து வாய்க்காலின் மேல் ஒரு மரப்பாலம். ஓட்டுக் கூரை வேய்ந்து, இருபுறமும் உட்கார பலகை போட்டது. பெரிய அதிகாரி ஒருவரின் மனைவியான ட்ரான் தி தாவ் என்பவர் 1776-ல் தன் பணத்தில் கட்டிக் கொடுத்தார். அவருக்குக் குழந்தை இல்லை. அவர் செய்த நன்மைக்காக அரசர் அந்தக் கிராமத்துக்கு வரி விலக்கே கொடுத்தார். பாலத்தின் நடுவில் அவருக்கு ஒரு பூசை மாடம் இருக்கிறது. அரசர்களின் சமாதிகளைப் பார்த்துவிட்டு மறுநாள் இங்கே வந்தது நல்லதாகப் போயிற்று. இதுவும் நினைவுச் சின்னம்தான், ஆனால் வெயிலுக்கு ஒதுங்கிய பாட்டி ஒருவர் இதில் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். நாங்களும் எதிர்ப் பலகையில் சாய்ந்தோம். கீழே வாத்துக் கூட்டம், மேலே ஓட்டு நிழல், நல்ல காற்று.

திரும்பும் வழியில் என் பின் சக்கரம் இறங்கிவிட்டது. சாலையோரத்தில் பழைய டயர் ஒன்றைத் தொங்கவிட்டு, பக்கத்தில் காற்றடிக்கும் பம்பு நிற்பதைப் பார்த்தால் அது பஞ்சர் கடை. ஒரு தாத்தா டியூபைத் தண்ணீர்த் தட்டில் அமிழ்த்தி, குமிழி வந்த இடத்தை அரத்தால் தேய்த்து, ஒட்டு போட்டு, சுத்தியலால் நாலு தட்டு தட்டினார். மொழி எதுவும் வேண்டியிருக்கவில்லை. 20,000 டாங் வாங்கிக்கொண்டு, எங்கள் இருவருக்கும் குளிர்ந்த தேநீரும் ஊற்றிக் கொடுத்தார். தம்பி செயினுக்கு எண்ணெய் வேண்டும் என்று கையால் காட்டியதும், அதற்குக் காசு வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார்.

சாயங்காலம் ஹென் தீவு. கோட்டையின் பச்சை நாகம் என்று சொன்னேனே, அதுதான். ஆற்று மட்டியை அரித்து எடுத்து வாழும் தீவு இது. அந்தச் சின்ன மட்டியை ஆறிய சோற்றோடும் கீரைத் தண்டோடும் வறுத்த வேர்க்கடலையோடும் இறால் விழுதோடும் கலந்து, மேலே மிளகாய் அள்ளிப் போட்டுக் கொடுப்பதுதான் கொம் ஹென். தம்பி இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். கண்ணில் தண்ணீர் வந்தது, நிறுத்தவில்லை. ஹுவே உணவின் காரம் நம் நாக்குக்கு அந்நியமே இல்லை.

நான் சைவம். வியட்நாமில் கஷ்டப்படுவேன் என்று வீட்டில் எல்லோரும் பயமுறுத்தி அனுப்பினார்கள். ஹுவேயில் அந்தப் பயமே வேண்டாம். சாந்திரமாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பாதி ஊர் சைவம். வெசாக் வாரத்தில் மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடைகள் சிலவற்றில்கூட சைவக் குழம்பு கொதிக்கிறது. "சாய்" என்று கேட்டால் போதும். வேகவைத்த பெரிய அத்திக்காயை எள்ளும் புதினாவும் போட்டுப் பிசைந்து, அரிசி அப்பளத்தில் அள்ளிச் சாப்பிடும் ஒரு பண்டம் உண்டு. அதற்காகவே ஒரே கடைக்கு மறுபடி மறுபடி போனேன்.

ஐந்தாம் நாள்: தியென் மு, அப்புறம் ஊர்வலம்

வடகரையில் மேற்கே, கிம் லாங் வழியாகத் தியென் மு விகாரைக்குப் போகும் சாலை சைக்கிளுக்கென்றே போட்டது மாதிரி இருக்கிறது. ஆறு கூடவே வருகிறது, மரநிழலும் உண்டு. 1601-ல் நுயென் அரசர்களின் மூதாதை நுயென் ஹோவாங் தொடங்கிய விகாரை. முன்னால் நிற்கும் ஏழடுக்கு எண்கோணக் கோபுரம் 1844-ல் வந்தது.

பின்பக்கக் கொட்டகையில் ஒரு பழைய நீல நிற ஆஸ்டின் கார். பிக்கு திக் குவாங் துக் 1963 ஜூன் 11 அன்று இந்தக் காரில்தான் சைகோனின் ஒரு நாற்சந்திக்குப் போனார். இறங்கி அமர்ந்து, தன்னைத் தீக்கு ஒப்புக்கொடுத்தார். அப்போது எடுத்த படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அதற்குக் காரணமான சம்பவம் இந்த ஊரில் நடந்தது. அந்த ஆண்டு மே 8, வெசாக் நாள். பௌத்தக் கொடி ஏற்றக் கூடாது என்று அன்றைய தென் வியட்நாம் அரசு தடை போட்டது. சில நாள் முன்புதான் கத்தோலிக்கக் கொடிகள் தெருவெங்கும் பறந்திருந்தன. தென்கரை வானொலி நிலையத்தின் முன் கூடிய மக்களில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள், அவர்களில் சிறுவர்களும் உண்டு. நாலு நாளாக நாங்கள் கடந்து போன கொடிகள் ஒவ்வொன்றும் எனக்கு அதற்குப் பிறகு வேறாகத் தெரிந்தன. தம்பி அந்தக் கொட்டகையை விட்டு வெளியே வந்து வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

பௌர்ணமிக்கு முந்தைய மாலையான இன்று, கோட்டைக்குக் கிழக்கே இருக்கும் தியு தே விகாரையிலிருந்து ஆற்றைக் கடந்து, தென்கரையின் து தாம் விகாரை வரை ஊர்வலம். சாலை ஓரங்களில் வீட்டுக்கு வீடு சிறு மேசை போட்டு, பூவும் பழமும் விளக்கும் வைத்துக் காத்திருந்தார்கள். காவி உடையில் பிக்குகள், சாம்பல் நிற உடையில் ஆயிரக்கணக்கான பெண்கள், குழந்தை புத்தரைச் சுமந்த தேர். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நாங்களும் கூட நடந்தோம். எங்கள் வண்டிக் கூடையைப் பார்த்த ஒரு பெரியம்மா, இரண்டு தாமரை மொட்டுகளை அதில் வைத்துவிட்டுப் போனார். து தாம் ஏற்றத்தில் கூட்டம் நெருக்கியடித்தும் யாரும் யாரையும் தள்ளவில்லை.

இங்கே சைக்கிளில் சுற்ற நினைப்பவர்கள் பிப்ரவரி, மார்ச்சில் வந்தால் வெயில் தணிவாக இருக்கும். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மழையும் வெள்ளமும், அப்போது வேண்டாம். வெசாக் பார்க்க வேண்டுமென்றால் மே மாத வெயிலைத் தாங்கித்தான் ஆக வேண்டும், அது தகும். தெற்கு மேட்டுக்குப் போகிற அன்று மட்டும் கியர் வண்டி கேளுங்கள். நாளை மதியம் டோங் ஹோய்க்கு எங்களுக்கு ரயில். அதற்குள் தம்பிக்கு இன்னொரு கிண்ணம் கொம் ஹென் வேண்டுமாம், எனக்கு அந்த அத்திக்காய்க் கடை. காலை ஆறு மணிக்கு வண்டி எடுக்கிறோம்.